பழைய வீட்டின் நிலையும் கதவும் மச்சுப் பலகையும்: வன்னியில் மரவேலையை மீட்டெடுக்கத் தொடங்குவோருக்கு

வன்னியில் பழைய வீடு என்றால் பெரும்பாலும் சீமெந்துத் தரையும் ஓட்டுக் கூரையும் உள்ள வீடுதான். மரத்தளம் என்று சொல்லத்தக்கது மச்சிலும் ஒருசில மேல்மாடிகளிலும் மட்டுமே உண்டு. ஆனால் நிலை (கதவைத் தாங்கும் சட்டம்), கதவு, யன்னல், தீராந்தி (குறுக்கு உத்தரம்), வளை (பாரம் தாங்கும் நீளமரம்), கைமரம் (கூரையின் சாய்மரம்) என்று அந்த வீடுகளில் உள்ள மரம் கொஞ்சமல்ல. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குடியேற்றத் திட்டங்களில் எழுந்த வீடுகளிலும், அவற்றுக்கு முந்திய ஊர் வீடுகளிலும், அருகிலிருந்த காட்டின் முதிரையும் பாலையும் வளவின் பனையும் வேம்பும்தான் மரவேலைக்குப் பயன்பட்டன. போர் முடிந்த 2009 இற்குப் பிறகு சனங்கள் திரும்பி வந்தபோது, ஓடும் வளையும் போய், சுவர்களுக்கு நடுவே நிலை மட்டும் நின்றுகொண்டிருந்த வீடுகள் பல. அந்த நிலைகளைப் பெயர்த்தெறிந்துவிட்டு அலுமினியச் சட்டம் பொருத்துவது இன்று ஒரு நாள் வேலை. அப்படிச் செய்வதற்கு முன் ஒருமுறை பொறுக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். அந்த அளவில், அந்த வைரத்தோடு (முற்றிய கடினப் பகுதியோடு) கூடிய முதிரைச் சட்டத்தை இனி மரக்காலையில் தேடினாலும் எளிதில் கிடைக்காது. இற்றுப்போனதாகத் தோன்றும் நிலையில் பெரும்பாலும் அடியில் ஒரு சாண் அளவுதான் கெட்டிருக்கும்.

காலம் பார்த்துத் தொடங்குதல்

மரவேலையை ஐப்பசி முதல் தை நடுப்பகுதி வரை தொடங்கக்கூடாது. மாரி மழையில் மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கும். அப்போது கதவு இறுகுகிறது என்று விளிம்பைச் சீவினால், வெயில் காலத்தில் நிலைக்கும் கதவுக்கும் இடையே விரல் நுழையும் அளவு நீக்கல் விழும். மாசியும் பங்குனியும் ஏற்ற மாதங்கள். சித்திரையில் சிறுமாரி ஒன்றிரண்டு விழலாம். வைகாசியில் சோழகக் காற்று எழும்பிவிட்டால் செம்புழுதி பறக்கும், ஈரமான வார்னிஷில் அது ஒட்டிக்கொண்டால் மறுபடியும் தேய்க்க வேண்டியதுதான். எனவே பழுதுபார்ப்பையும் தேய்ப்பையும் மாசிக்குள் முடித்து, மேற்பூச்சைப் பங்குனியில் வைத்துக்கொள்வது நல்லது. காலம் பிந்திவிட்டால், பூச்சு வேலையைக் காற்று அடங்கியிருக்கும் அதிகாலையில், முதல்நாள் மாலையே நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுச் செய்யலாம்.

கூரை ஒழுக்கு இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். நீர் இறங்கும் இடத்தில் செய்த எந்த மரவேலையும் அடுத்த மாரியைத் தாண்டாது.

மரத்தைத் தட்டியும் குத்தியும் பார்த்தல்

ஒரு பழைய திருகாணி முடுக்கி, ஒரு சிறு சுத்தியல், ஒரு டோர்ச் லைற், ஒரு சாக்கட்டி ஆகியவற்றோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். சுத்தியலின் பிடியால் மரத்தைத் தட்டினால், நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும்; உள்ளே கறையான் தின்ற மரம் பெட்டியைத் தட்டியது போல ஒலிக்கும். ஐயமான இடத்தில் முடுக்கியின் நுனியால் குத்திப் பாருங்கள். நுனி எளிதாக ஒரு சென்றிமீற்றருக்கு மேல் இறங்கினால் அந்த இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். சீமெந்தைத் தொடும் நிலையின் அடி, சுவருக்குள் புகுந்திருக்கும் தீராந்தியின் முனை, யன்னலின் கீழ்ச்சட்டம், ஓட்டுக்குக் கீழே சிலாகைகள் சந்திக்கும் இடம் ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள். மரம் கெடுவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான் தொடங்குகிறது.

கறையானின் மண்குழாய் சுவரில் ஏறியிருந்தால், அதை உடனே துடைத்துவிடாமல் எங்கிருந்து புறப்படுகிறது, எங்கே மரத்துக்குள் புகுகிறது என்று இரு முனைகளையும் கண்டுபிடியுங்கள். நடுவில் ஓரங்குலத்தை மட்டும் உடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அது மீண்டும் கட்டப்பட்டிருப்பின் உள்ளே கறையான் உயிரோடு இருக்கிறது. சிறு துளைகளுடன் உளுத்துப்போன மரத்துக்கு வேறொரு சோதனை உண்டு. அதன் கீழே வெள்ளைத் தாளொன்றை விரித்து ஒரு கிழமை விட்டுவையுங்கள். மாவு போன்ற தூள் புதிதாக விழுந்திருந்தால் வண்டு இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. தாள் சுத்தமாகக் கிடந்தால் அவை பழைய துளைகளாக இருக்கக்கூடும்.

இரும்பும் ஈயமும்

மற்ற நாட்டு மரவேலை வழிகாட்டிகளில் பெரும்பாலும் இல்லாத ஒரு பகுதியை வன்னியில் எழுதியே ஆகவேண்டியிருக்கிறது. இங்குள்ள பழைய மரங்களுக்குள் துப்பாக்கிச் சன்னங்களும் எறிகணைச் சிதறல்களும் புதைந்திருக்கின்றன. சீவுளியின் அலகோ மின்வாளின் பல்லோ அவற்றில் பட்டால் அலகு உடைந்து முகத்துக்குத் தெறிக்கும். ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய பெரிய காந்தமொன்றை நூலில் கட்டி, மரத்தின் மேற்பரப்பில் அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் அது இழுபடும். ஆனால் ஈயத்தையும் செம்பையும் காந்தம் காட்டாது. ஆகவே கண்ணாலும் தேட வேண்டும்: வட்டமான ஒரு சிறு வடு, அதைச் சுற்றிய கருமை, ஒரு பக்கம் நுழைவு இருந்து மறுபக்கம் வெளியேற்றம் இல்லாத துளை ஆகியவை உள்ளே ஏதோ இருப்பதற்கான அடையாளங்கள். சிறு சிதறலைச் சுற்றி மெல்லிய உளியால் மரத்தைக் குடைந்து, குறட்டால் பிடுங்கி எடுத்துவிடலாம்.

மரத்திலோ, கூரை இடுக்கிலோ, வளவில் கிடக்கும் மரக்குவியலுக்குள்ளோ முழுமையான உலோகப் பொருள் எதையாவது கண்டால் அதைத் தொடவோ அசைக்கவோ வேண்டாம். இடத்தை அடையாளப்படுத்தி, பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டுப் பொலிசுக்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். 1990 இல் வடக்குத் தொடருந்து நின்றுபோன பிறகு, பாதையில் கிடந்த சிலிப்பர் கட்டைகளும் பனங்குற்றிகளும் பதுங்குகுழிகளுக்கு மேல் மூடாக அடுக்கப்பட்டன. நல்ல பாலை மரம் என்ற ஆசையில், கண்ணிவெடி அகற்றி உறுதிப்படுத்தப்படாத நிலத்தில் அவற்றைத் தோண்டி எடுக்க முனைய வேண்டாம்.

எந்த மரம் என்று அறிதல்

முதிரை பொன்மஞ்சள் நிறமாக, தேய்த்த இடத்தில் பட்டுப் போல மின்னும். அதன் நார்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பின்னியிருப்பதால், ஒரு பக்கம் சீவினால் வழுவழுப்பாகவும் அதே இழுப்பில் அடுத்த விரற்கிடையில் பிய்ந்தும் வரும். அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியையும் தடிப்பையும் உண்டாக்கும். நீளக்கைச் சட்டையும் முகக்கவசமும் கட்டாயம். பாலை சிவந்த கபில நிறம், நீரில் போட்டால் தாழும் அளவுக்குப் பாரம். அதில் ஆணி அடிக்க முயன்றால் ஆணிதான் வளையும். துளையிட்டே திருகாணி ஏற்ற வேண்டும். வேம்பின் வைரத்தைப் பூச்சி எளிதில் அண்டாது, ஆனால் வெளிப்புற வெள்ளைப் பகுதிக்கு அந்தக் காவல் இல்லை.

பனை தனிவகை. அதன் பலம் முழுவதும் வெளிப்புறக் கருநாரில் இருக்கிறது; உள்ளே இருப்பது சோற்றி என்னும் மென்மையான பகுதி. பழைய கைமரங்களில் சோற்றி முழுவதும் கறையானுக்கு இரையாகியும் கருநார்ப் பக்கம் உருக்குப் போல நிற்பதைக் காணலாம். அப்படிப்பட்ட கைமரத்தைக் கழிவென்று தள்ளிவிட வேண்டாம். சோற்றியை உளியால் முழுவதும் வழித்தெடுத்துவிட்டு, மிஞ்சிய வைரத்தின் தடிப்பு பாரம் தாங்கப் போதுமா என்று அனுபவமுள்ள தச்சர் ஒருவரிடம் கேட்டுத் தீர்மானியுங்கள். கூரையைத் தாங்கும் மரத்தில் புதியவர் தனியாக முடிவெடுப்பது சரியன்று. பனையைத் தொடும்போது தடித்த கையுறை அணியுங்கள். பனஞ்சிராய் தோலுக்குள் முறிந்து நின்றால் சீழ் கட்டும்.

கழற்றுதலும் பழைய பூச்சை நீக்குதலும்

கதவைக் கழற்றுமுன் நிலை, கதவு, பிணைச்சல் ஆகிய மூன்றுக்கும் ஒரே இலக்கத்தை, வெளியே தெரியாத விளிம்பில் இடுங்கள். பழைய கதவும் நிலையும் பல ஆண்டுகள் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்தியவை. ஒன்றின் கதவு மற்றதற்குப் பொருந்தாது. துருப்பிடித்த திருகாணி அசையாவிட்டால், முதலில் அதன் தலைப்பள்ளத்திலுள்ள பெயின்றைச் சுரண்டி, முடுக்கியை அதில் நிறுத்திச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, பின்னர் திருப்புங்கள். அப்படியும் வராவிட்டால் காய்ச்சிய இரும்புக்கம்பியின் முனையைத் தலைமேல் சற்று நேரம் வைத்தெடுத்து, ஆறிய பிறகு முயலுங்கள். முதிரைக் கதவொன்று 40 அல்லது 50 கிலோ இருக்கக்கூடும். இருவர் இல்லாமல் கழற்ற வேண்டாம்.

பழைய எனாமல் பெயின்றில் ஈயம் இருக்கும் என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள். ஈயத்தூள் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எனவே பழைய பெயின்றை நெருப்பால் எரிக்கவோ, உலர்ந்த நிலையில் கிறைண்டர் பிடிக்கவோ கூடாது. தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டுங்கள். கீழே பொலித்தீன் விரித்து, விழும் சருகுகளைப் பையில் கட்டி அகற்றுங்கள். கிணற்றடியிலும் மாட்டுக் கொட்டிலுக்கு அருகிலும் இந்த வேலையைச் செய்யக்கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வேலை முடிந்து கழுவும் வரை அந்தப் பக்கம் வராதிருக்கட்டும். காஸ்டிக் சோடாக் கரைசலில் கதவை ஊறவைத்தால் பெயின்ற் விரைவில் உரியும் என்பது உண்மைதான். ஆனால் மரம் கறுத்து, நார் தளர்ந்து, பொருத்துகளும் விலகிவிடும்.

நமது பகுதியில் கறையானுக்குப் பயந்து மரத்துக்குக் கழிவு எஞ்சின் ஒயில் பூசும் வழக்கம் நெடுநாளாக உண்டு. பூசியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கையில் வேறொன்றும் கிடைக்காத காலத்தில் அதுதான் மரத்தைக் காத்தது. ஆயினும் அந்த எண்ணெய் ஏறிய மரத்தில் எந்தப் பூச்சும் பிடிக்காது, தோலுக்கும் அது தீங்கானது. பழந்துணியில் தின்னர் தொட்டு, துணி கறுக்காமல் வரும்வரை நான்கைந்து தடவை துடைத்து, இடையிடையே வெயிலில் காயவிட்டு எடுக்க வேண்டும். மரத்துக்குள் ஆழமாக ஊறியிருந்தால் முழுவதும் போகாது. அந்தத் துண்டை வீட்டுக்குள் பயன்படுத்தாமல் கொட்டில் வேலைக்கு ஒதுக்குவதே மேல்.

கெட்டதை வெட்டி நல்லதை ஒட்டுதல்

நிலையின் அடி இற்றிருந்தால், கெட்ட இடத்துக்கு மேலே குறைந்தது 10 சென்றிமீற்றர் நல்ல மரமும் சேரும்படி வெட்ட வேண்டும். வெட்டு நேராக இருக்கக்கூடாது. மேலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்து இறங்கி, மழைநீர் உள்ளே தங்காமல் வழிந்தோடும்படி இருக்க வேண்டும். சாய்வின் நீளம் சட்டத்தின் தடிப்பைப்போல் மூன்று மடங்காவது இருந்தால் ஒட்டு நிற்கும். அதே மரத்தின் பழைய துண்டொன்றைப் பொருத்தமாகச் செதுக்கி, எப்பொக்சிப் பசை பூசி, இரண்டு மரமுளைகளோ பித்தளைத் திருகாணிகளோ கொண்டு இறுக்குங்கள். முல்லைத்தீவு, மாத்தளன் போன்ற கரையோர ஊர்களில் இரும்புத் திருகாணி உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்து மரத்தையும் கறுக்கச் செய்யும். அங்கே பித்தளை அல்லது துருப்பிடியா உருக்கு மட்டுமே. புதிய அடியைச் சீமெந்தில் நேரே ஊன்றாமல், ஒரு கருங்கல் துண்டின் மேலோ, விரல் தடிப்பு இடைவெளி விட்டோ நிறுத்துங்கள். வெட்டுமுகத்தின் வழியாகத்தான் மரம் நீரைக் குடிக்கிறது.

கதவின் பொருத்துகள் ஆடினால் ஆணி அடித்து இறுக்குவது பலர் செய்யும் பிழை. ஆணி நாரைப் பிளந்து, ஆட்டத்தைக் கூட்டும். பழைய தச்சர்கள் துளையில் குடும்பியை (சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்கை) செருகி மரமுளையால் பூட்டியிருப்பார்கள். அந்த முளையைத் தட்டி வெளியே எடுத்து, குடும்பியைச் சுத்தம் செய்து, தளர்வு இருந்தால் மெல்லிய மரச்சிம்பு ஒட்டித் தடிப்பாக்கி, மரப்பசையுடன் மீண்டும் பூட்டினால் கதவு பழைய இறுக்கத்துக்கு வந்துவிடும். பசை காயும்வரை ஒரு நாள் கயிற்றால் முறுக்கிக் கட்டி வையுங்கள்; மூலைக்கு மூலை குறுக்காக இரு புறமும் அளந்து, இரண்டு அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

சன்னம் துளைத்த இடங்களை அடைக்க, துளையை வட்டமாகச் சீராக்கி, அதே மரத்தில் முளை சீவி, நார் ஒரே திசையில் செல்லும்படி ஒட்டினால் பிறகு கண்டுபிடிப்பதே கடினம். எங்கள் வீட்டு நடுக்கதவில் நெஞ்சளவு உயரத்தில் இருந்த ஒரு துளையை அடைக்க அம்மா சம்மதிக்கவில்லை. அதன் விளிம்பை மட்டும் தேய்த்து எண்ணெய் பூசி விட்டிருக்கிறேன். எதை மூடுவது, எதை விடுவது என்பதை வீட்டிலுள்ள மூத்தவர்களைக் கேட்டுச் செய்யுங்கள்.

புதிய மரம் வாங்க நேர்ந்தால் அரச மரக் கூட்டுத்தாபனத்திலோ உரிமம் பெற்ற மரக்காலையிலோ வாங்கிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் காட்டுமரம் ஏற்றிச் செல்வது குற்றம். சொந்த வளவின் பனையைத் தறிப்பதற்கும் முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

பூச்சிக் காவல்

ஒரு லீற்றர் வெந்நீரில் 60 கிராம் வெண்காரமும் (போராக்ஸ்) 40 கிராம் போரிக் அமிலமும் கரைத்தால், உளுவண்டுக்கும் கறையானுக்கும் எதிரான நல்ல கரைசல் கிடைக்கும். பூச்சு ஏதும் இல்லாத வெறும் மரத்தில் தூரிகையால் இரண்டு மூன்று தடவை நன்றாக ஊறப் பூசி, வெட்டுமுகங்களில் இன்னும் தாராளமாக விட்டு, ஒரு கிழமை நிழலில் காயவிடுங்கள். இது நீரில் கரையக்கூடியதென்பதால் மழைபடும் மரத்தில் மேற்பூச்சு இல்லாமல் நிற்காது. பிள்ளைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாத இடத்தில் கரைசலை வையுங்கள். மண்ணுக்குள் இருக்கும் கறையானுக்கு இது போதாது; சுவரோரம் விறகு அடுக்காதிருப்பதும், நிலையடியைச் சுற்றியுள்ள வெடிப்புகளைச் சீமெந்தால் அடைப்பதும் அதற்குத் தேவை.

தேய்த்தல்

அரத்தாளில் இலக்கம் 80 இல் தொடங்கி, 120, 180 என்று ஏறுங்கள். எண் கூடக்கூட மணல் நுண்ணியதாகும். ஒரு படியைத் தாவினால் முந்திய தாளின் கீறல்கள் பூச்சுக்குப் பிறகு வெளிச்சத்தில் தெரியும். எப்போதும் நாரின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். பனையில் குறுக்காகத் தேய்த்தால் கருநார் மயிர் போலக் கிளம்பும். முதிரை போன்ற எதிர்நார் மரத்துக்குச் சீவுளியைவிட, பழைய ஆசாரிமார் செய்ததுபோல, கண்ணாடித் துண்டின் கூரான விளிம்பால் சுரண்டுவது நல்லது. கையுறையுடன் பிடித்தால் அது மெல்லிய சுருளாக மரத்தை எடுத்துத் தரும். தேய்த்து முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, எழும்பும் நாரைக் காய்ந்தபின் இலக்கம் 220 ஆல் இலேசாக நீவிவிடுங்கள். அறுபது ஆண்டு கதவின் தேய்வையும் நிறமாற்றத்தையும் முழுவதும் சுரண்டிப் புதுமரம்போல் ஆக்க முயல வேண்டியதில்லை. அழுக்கும் கெட்ட பூச்சும் போனால் போதும்.

மேற்பூச்சு

உட்புறக் கதவுக்கும் தீராந்திக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைச் சம அளவு டர்பன்டைனுடன் கலந்து முதற்பூச்சாகப் பூசி, அரை மணி நேரத்தின் பின் மரம் குடிக்காமல் மேலே நிற்பதைத் துணியால் முழுவதும் துடைத்தெடுங்கள். துடைக்காமல் விட்டால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். ஒரு நாள் இடைவெளி விட்டு, கலப்பில்லாத எண்ணெயை இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாகத் தொடருங்கள். தேங்காயெண்ணெயும் இலுப்பெண்ணெயும் வீட்டில் கிடைக்கின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. அவை காய்ந்து கெட்டியாவதில்லை, புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், அது தானாகவே சூடேறித் தீப்பற்றும். வேலை முடிந்தவுடன் துணிகளைத் தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

வெயிலும் மழையும் படும் வாசல் கதவுக்கு எண்ணெய் மட்டும் போதாது. வெளிப்புறத்துக்கென்று செய்த வார்னிஷ் அல்லது பெயின்ற் தேவை. பிரெஞ்சு பொலிஷ் நீர் பட்டால் வெளுக்கும் என்பதால் அறைக்குள் மட்டுமே. எந்தப் பூச்சானாலும் கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் மறக்காமல் பூசுங்கள். மாரியில் கதவு ஊதுவதற்கு அந்த இரண்டு விளிம்புகளே முக்கிய வழி.

மச்சுப் பலகை

மச்சிலோ மேல்மாடியிலோ பலகைத் தளம் இருந்தால், மேலே ஏறுமுன் கீழிருந்து அதைத் தாங்கும் வளைகளின் முனைகளைக் குத்திப் பாருங்கள். பிறகு பலகைகளில் துருத்தி நிற்கும் ஆணித்தலைகளைப் பொன்சி (ஆணித்தலையில் வைத்து அடிக்கும் இரும்பு முளை) வைத்து மூன்று மில்லிமீற்றர் ஆழத்துக்கு இறக்குங்கள். ஒன்று தப்பினாலும் அரத்தாள் கிழியும். கிரீச்சிடும் பலகையை வளையோடு திருகாணியால் இறுக்கலாம், முன்துளை இட்ட பிறகே. இடைவெளிகளைப் புட்டியால் நிரப்ப வேண்டாம்: மாரியில் பலகை விரிந்து அதைப் பிதுக்கித் தள்ளும், கோடையில் சுருங்கி அது உதிரும். பெரிய நீக்கலுக்கு அதே மரத்தின் மெல்லிய சிம்பை ஒரு பக்கப் பலகையில் மட்டும் ஒட்டிச் செருகுங்கள். வாடகைக்கு எடுக்கும் பெரிய தேய்ப்பு இயந்திரம் ஓரிடத்தில் நின்றால் பள்ளம் தோண்டிவிடும். சிறிய மச்சுக்குக் கையில் பிடிக்கும் இயந்திரமே போதும். பூசும்போது தூர மூலையில் தொடங்கி ஏணிப்படியை நோக்கி வாருங்கள்.

எல்லாம் காய்ந்த பிறகு கதவைப் பிணைச்சலில் ஏற்றி, முதல் மாரி முடியும்வரை விளிம்பைச் சீவாமல் விடுங்கள். கார்த்திகையில் எந்த இடம் உரசுகிறது என்று பென்சிலால் குறித்துவைத்து, மாசியில் மரம் காய்ந்ததும் அந்த இடத்தை மட்டும் இரண்டு இழுப்புச் சீவி, வெறும் மரம் தெரியும் இடத்துக்கு மறுபடி பூச்சுக் கொடுங்கள்.